டிக் மில்லரைப் பின்தொடர்ந்து பார்ப்பது எப்படி? – திகில், அறிவியல் புனைவுப் படங்களுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஹாலிவுட்டின் திகில் படங்களையும் அறிவியல் புனைவுப் படங்களையும் பார்க்கத் தொடங்குகிறவர்கள், பெரும்பாலும் இயக்குநர்களின் பெயரையோ புகழ்பெற்ற அசுரர்களின் பெயரையோ வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். இரண்டு நிமிடம் வந்து போகும் குணச்சித்திர நடிகர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அவருடைய அறுபதாண்டுத் தொழில் வாழ்க்கையின் வழியாக அதே படங்களைப் பார்ப்பது இன்னொரு முறை. அப்படிப் பார்ப்பதற்கு டிக் மில்லரைவிடப் பொருத்தமான நடிகர் கிடைப்பது அரிது. 1928 டிசம்பர் 25 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்து, 2019 ஜனவரி 30 அன்று 90ஆம் வயதில் மறைந்த இவர், 150க்கும் மேற்பட்ட படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தவர். அவற்றில் கடைக்காரராகவும் டாக்சி ஓட்டுநராகவும் குப்பை அள்ளுபவராகவும் காவலாளியாகவும் வந்த வேடங்களே அதிகம்.

இந்த வகைப் படங்களில் இத்தகைய வேடங்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. குடும்பக் கதையில் வரும் கடைக்காரர் கொஞ்சம் செயற்கையாக நடித்தாலும் கதை கெட்டுவிடாது. ஆனால் எதிர்காலத்திலிருந்து வந்த எந்திர மனிதன் ஒரு கடைக்குள் நுழையும்போது, அந்தக் கடைக்காரர் நம் தெருமுனையில் இருப்பவரைப் போல இல்லையென்றால் எந்திர மனிதனும் பொம்மையாகிவிடுவான். நடக்க முடியாத ஒன்றை நம்ப வைக்கும் வேலையில் பாதி, நடக்கக்கூடிய மனிதனாக நடிப்பவரின் தோளில்தான் இருக்கிறது. மில்லரின் படங்களை வரிசைப்படுத்தும்போது இந்த ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படியாக, அவருடைய முதல் படத்திலிருந்து தொடங்காதீர்கள். 1955இல் வெளிவந்த அந்த மேற்கத்தியப் படத்தில் அவர் செவ்விந்தியராகவும் அவர்களைத் துரத்தும் வெள்ளையராகவும் இரண்டு வேடங்களில் வருகிறார் என்பது சுவையான செய்திதான். ஆனால் அதைப் பார்த்து அவர் யாரென்று தெரிந்துகொள்ள முடியாது. 1984இல் வெளிவந்த 'தி டெர்மினேட்டர்' படத்திலிருந்து தொடங்குங்கள். துப்பாக்கிக் கடைக் காட்சி படத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது. எந்திர மனிதனாக வரும் அர்னால்ட் ஷ்வார்செனேகர் ஒவ்வொரு ஆயுதமாகப் பெயர் சொல்லிக் கேட்கிறார். மில்லர் ஒவ்வொன்றையும் எடுத்து மேசைமேல் வைக்கிறார். இடையில் எதிர்காலத்துப் பிளாஸ்மா துப்பாக்கி ஒன்றையும் அவன் கேட்க, கடைக்காரர் திகைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கண்ணில் படுவதுதான் சரக்கு என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். நாள் முழுவதும் விதவிதமான வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சலித்த மனிதனின் பதில் அது. இவற்றில் எது வேண்டும் என்று கேட்டதற்கு எல்லாமே என்று விடை வந்ததும், இன்று சீக்கிரமே கடையைச் சாத்திவிடலாம் என்கிற மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிகிறது. உடனே, கைத்துப்பாக்கிகளுக்கு 15 நாள் காத்திருக்க வேண்டும், நீண்ட துப்பாக்கிகளை இப்போதே கொண்டுபோகலாம் என்று சட்டத்தையும் சொல்லி வைக்கிறார். அதற்குள் அவன் தோட்டாவைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்தக் காட்சியை மூன்று முறை பாருங்கள். முதன்முறை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு மில்லரின் கைகளை மட்டும் கவனியுங்கள். பொருளை எடுப்பது, வைப்பது, அடுத்ததைத் தேடித் திரும்புவது ஆகிய எல்லாவற்றிலும் அந்தக் கடை பல ஆண்டுகளாக அவருடையது என்பது தெரியும். மூன்றாம் முறை கண்களை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். வசனத்தில் எங்கும் அச்சம் இல்லை என்பதும், கடைசி நொடியில்கூட அது எச்சரிக்கைக் குரலாக வருகிறதே தவிர அலறலாக வரவில்லை என்பதும் அப்போது புலப்படும். பார்வையாளருக்குத் தெரிந்த ஆபத்து அந்தப் பாத்திரத்துக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் ஒரு துளி காட்டியிருந்தாலும் காட்சி விழுந்திருக்கும்.

அடுத்து, அதே ஆண்டில் ஜோ டான்டே இயக்கத்தில் வந்த 'கிரெம்லின்ஸ்' படத்துக்குப் போகலாம். இதில் மில்லரின் பாத்திரத்துக்கு மர்ரி ஃபட்டர்மேன் என்று பெயர். பனி அள்ளும் வண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். வெளிநாட்டுச் சரக்குகள்மீது தீராத எரிச்சல் கொண்ட இவர்தான், இரண்டாம் உலகப் போரில் விமானங்களைப் பழுதாக்கிய 'கிரெம்லின்' என்னும் குட்டிச்சாத்தான்களைப் பற்றிய பேச்சை முதலில் எடுக்கிறார். திரைக்கதைக்குத் தேவையான ஒரு செய்தியைப் பார்வையாளரிடம் சேர்க்கவேண்டிய வேலை அது. ஆனால் மில்லர் பேசும்போது, அது குடித்துவிட்டு வீடு திரும்பும் அண்டைவீட்டுக்காரரின் புலம்பலாகவே காதில் விழுகிறது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிறிஸ்துமஸ் அலங்காரத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இந்தப் படத்தின் வன்முறை குறித்து எழுந்த முறையீடுகளும் சேர்ந்தே அமெரிக்காவில் பி.ஜி.-13 (13 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்) என்ற தணிக்கைப் பிரிவு அதே 1984இல் உருவாகக் காரணமாயின.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு பின்னோக்கிப் போவதில் பொருள் உண்டு. மில்லர் 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவுக்கு வந்தது எழுத்தாளராகும் ஆசையில். நண்பரும் நடிகருமான ஜொனாதன் ஹேஸ் அவரைத் தயாரிப்பாளரும் இயக்குநருமான ரோஜர் கார்மனிடம் அழைத்துப்போக, தன்னிடம் கதைகள் இருக்கின்றன, நடிகர்கள்தான் வேண்டும் என்று கார்மன் சொல்ல, அப்படியானால் நான் நடிகன் என்று மில்லர் சொன்னதாகத் திரையுலகில் வழங்கும் கதை பலமுறை அச்சேறியிருக்கிறது. கார்மனின் தயாரிப்பு முறை எளிமையானது, இரக்கமற்றது. குறைந்த பணம், எண்ணிச் சில நாள்கள், ஒரே குழு, ஒரு படத்துக்குப் போட்ட செட்டில் அடுத்த படம். நட்சத்திரங்களை வைத்துக் கட்டுப்படியாகாது என்பதால், எந்த வேடத்தைக் கொடுத்தாலும் முதல் டேக்கிலேயே முடித்துக்கொடுக்கும் நடிகர்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். மில்லரின் சிக்கனமான நடிப்புக்கு இந்தப் பட்டறைதான் காரணம் என்பது என் கருத்து. இரண்டாம் டேக் கிடைக்காது என்று தெரிந்த நடிகன் தேவையற்ற அசைவைத் தானாகவே விட்டுவிடுவான்.

இக்காலத்தின் படங்களில் 1957ஆம் ஆண்டின் 'நாட் ஆஃப் திஸ் எர்த்' படத்தில் அவர் வரும் காட்சியை மட்டுமாவது பாருங்கள். கறுப்புக் கண்ணாடி அணிந்த வேற்றுக்கிரகத்தவன் ஒருவன் மனித இரத்தத்துக்காகக் காத்திருக்கும் வீட்டின் கதவை, வாக்குவம் கிளீனர் விற்க வந்த மில்லர் தட்டுகிறார். பேசிப் பேசியே வீட்டுக்குள் நுழைந்துவிடும் விற்பனையாளனின் உற்சாகம்தான் அவனுக்கு எமனாக வந்து முடிகிறது. 1984இன் துப்பாக்கிக் கடைக்காரர் எங்கிருந்து வந்தார் என்பதற்கு இங்கே விடை இருக்கிறது.

1959இல் வெளியான 'எ பக்கெட் ஆஃப் பிளட்' படத்துக்கு மட்டும் ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். ஏறத்தாழ 50,000 டாலர் செலவில், ஐந்து நாள்களில் எடுக்கப்பட்ட இப்படம் ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடாது. மில்லர் நாயகனாக நடித்த மிகச் சில படங்களில் இதுவே சிறந்தது. கவிஞர்களும் ஓவியர்களும் கூடும் காபிக்கடையில் மேசை துடைத்து எச்சில் கோப்பைகளை எடுக்கும் வால்டர் பெய்ஸ்லி என்பவனுக்குத் தானும் கலைஞனாக வேண்டும் என்று ஆசை. ஒருநாள் தன் அறையில் களிமண்ணைப் பிசைந்து ஒரு பெண்ணின் முகத்தைச் செய்யப் பார்க்கிறான், வரவில்லை. மூக்காக மாறு, மூக்காக மாறு என்று களிமண்ணைப் பார்த்துக் கத்துகிறான். அப்போது சுவருக்குள் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரம்மாவின் பூனையை விடுவிக்கக் கத்தியால் சுவரைக் குத்த, பூனை செத்துப்போகிறது. அதன்மீது களிமண்ணைப் பூசிக் கடைக்கு எடுத்துச் செல்கிறான். சிற்பம் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அடுத்த சிற்பத்துக்கு எங்கே போவது என்பதுதான் மீதிக் கதை.

சார்லஸ் பி. கிரிஃபித் எழுதிய இந்தத் திரைக்கதை கலைக்கூட்டத்தைக் கேலி செய்யும் நகைச்சுவைதான். மில்லர் மட்டும் எந்த இடத்திலும் நகைச்சுவையாக நடிக்கவில்லை. பாராட்டைக் கேட்டுக் கேட்டு அவர் நடையும் தோள்களும் மெல்ல மாறுவதைக் கவனியுங்கள். கூனிக்கொண்டு தட்டு ஏந்தியவன், கழுத்தில் துணி கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்காரும் இடத்துக்கு வந்து சேரும்போது நமக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒன்றாக வருகின்றன. இறுதிக் காட்சியில் அவர் உடல் முழுக்கக் களிமண் பூசிய சிலையாகத் தெரிய வேண்டும். நேரமும் பணமும் இல்லாமல் வெறும் சாம்பல் நிற ஒப்பனையோடு எடுத்து முடித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் இது செவ்வியல் படமாகவே நின்றிருக்கும் என்று மில்லர் பிற்காலத்தில் ஆதங்கப்பட்டிருக்கிறார். அந்தக் குறையோடும் படம் நிற்கிறது என்றே நான் சொல்வேன்.

அடுத்த ஆண்டு, அதே எழுத்தாளரை வைத்து, முக்கியக் காட்சிகளை இரண்டே நாளில் எடுத்து முடித்த 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்திலும் நாயகன் வேடம் மில்லருக்கே வந்தது. முந்தைய பாத்திரத்தைப் போலவே இருப்பதாக எண்ணி அவர் அதை விட்டுவிட, அது ஹேஸுக்குப் போயிற்று. மில்லர் எடுத்துக்கொண்டதோ பூக்கடைக்கு வந்து பூ வாங்கித் தின்னும் வாடிக்கையாளர் வேடம். சட்டைப் பையிலிருந்து உப்புக் குப்பியை எடுத்து, கார்னேஷன் பூவின்மேல் தூவி, உணவகத்தில் உட்கார்ந்தவரைப் போல நிதானமாக மென்று விழுங்குகிறார். மனிதனைத் தின்னும் செடி படத்தின் மையம். செடியைத் தின்னும் மனிதன் அதன் ஓரத்தில் நிற்கிறான். நாயகனாக நடிக்கும் வாய்ப்பைக் கைவிட்டுச் சிறு வேடத்தை எடுத்தது நல்ல தொழில் முடிவா என்று இன்றுவரை வாதிடலாம். இந்த இரண்டு படங்களும் அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாதவை. ஆகையால் இணைய ஆவணக் காப்பகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் போடலாம் என்பதால் மங்கலான பிரதிகளும், ஓரங்கள் வெட்டப்பட்ட பிரதிகளும் மலிந்திருக்கின்றன. ஒன்றுக்கு மூன்று பிரதிகளைத் திறந்து, முகங்கள் தெளிவாகத் தெரிவதைத் தேர்ந்தெடுத்த பிறகே உட்காருங்கள்.

அக்காலத்தின் பிற படங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்புட்னிக் ஏவப்பட்ட பரபரப்பை வைத்துக் கார்மன் அவசரமாக எடுத்த 1958ஆம் ஆண்டின் 'வார் ஆஃப் தி சாட்டிலைட்ஸ்' படத்தில் மில்லர் விறைப்பான நாயகனாக வருகிறார். அவருக்கு எது பொருந்தாது என்று தெரிந்துகொள்ள மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பல இயக்குநர்கள் கைமாற்றி எடுத்த 1963ஆம் ஆண்டின் 'தி டெரர்' படத்தில், போரிஸ் கார்லோஃபின் பணியாளாக வரும் மில்லரை இளம் ஜாக் நிக்கல்சன் பிடித்துவைத்து உண்மையைக் கேட்கிறார்; புரியாமல் போன கதையைப் புரியவைப்பதற்காகவே அந்தக் காட்சி பின்னர் எடுத்துச் சேர்க்கப்பட்டது.

இப்போது பெயரைத் தொடரும் படி. கார்மனின் நிறுவனத்தில் முன்னோட்டப் படங்களைத் தொகுத்துக்கொண்டிருந்த ஜோ டான்டே, சிறுவயதில் மில்லரைத் திரையில் பார்த்து வளர்ந்தவர். ஆலன் அர்குஷுடன் சேர்ந்து 1976இல் தன் முதல் படமான 'ஹாலிவுட் பூலவார்ட்' எடுத்தபோது, மில்லரின் பாத்திரத்துக்கு மீண்டும் வால்டர் பெய்ஸ்லி என்றே பெயர் வைத்தார். 1981இல் 'தி ஹவ்லிங்', 1983இல் 'ட்வைலைட் ஸோன்: தி மூவி', 1986இல் 'சாப்பிங் மால்' என்று அந்தப் பெயர் தொடர்ந்தது. ஒரே மனிதனின் தொடர்கதை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். விவரம் தெரிந்த பார்வையாளருக்கு இயக்குநர்கள் காட்டிய கண்சிமிட்டல் அது. 'சாப்பிங் மால்' படத்தில் வணிக வளாகத்தின் துப்புரவுத் தொழிலாளியாக வந்து காவல் எந்திரத்தால் சாகும் காட்சியைப் பார்த்துவிட்டு மீதியை விட்டுவிட்டாலும் நட்டமில்லை.

'தி ஹவ்லிங்' அப்படியல்ல. இதில் மாந்திரீகப் புத்தகங்கள் விற்கும் கடையின் உரிமையாளராக மில்லர் வருகிறார். ஓநாய் மனிதர்களைப் பற்றி விசாரிக்க வருபவர்களிடம், வீட்டில் தொல்லை கொடுக்கும் கரப்பான்பூச்சிகளைப் பற்றிப் பேசும் தொனியில் அவர் விவரம் சொல்கிறார். கடையில் வெள்ளித் தோட்டாக்களும் இருக்கின்றன. அவற்றை நம்புகிறீர்களா என்ற பேச்சு வரும்போது அவருக்கு அதில் அக்கறை இல்லை. வியாபாரம் நடந்தால் சரி. படத்தின் மிகப் பெரிய பொய் இந்த அலுத்துப்போன குரலில் சொல்லப்படுவதால்தான், பின்னால் அந்தத் தோட்டாக்கள் வேலை செய்யும்போது நாம் கேள்வி கேட்பதில்லை. தொடக்கத்தில் சொன்ன அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அவர் படங்களில் இல்லை. படத்தில் பாலியல் காட்சிகளும் கொடூரமான உருமாற்றக் காட்சியும் இருப்பதால், வயது வந்தவர்கள் மட்டும் பார்க்கட்டும்.

டான்டேயின் ஏனைய படங்களை ஆண்டு வரிசையில் பார்ப்பது நல்லது. 1978இன் 'பிரான்யா'வில் ஆற்றங்கரை விடுதி நடத்துபவர். 1985இன் 'எக்ஸ்ப்ளோரர்ஸ்' படத்தில் சிறுவர்கள் செய்த விண்கலத்தை வானத்தில் கண்டு தன் இளமைக் கனவை நினைத்துக்கொள்ளும் ஹெலிகாப்டர் விமானி. 1987இன் 'இன்னர்ஸ்பேஸ்' படத்தில் டாக்சி ஓட்டுநர். 1989இன் 'தி பர்ப்ஸ்' படத்தில் குப்பை அள்ளுபவர். இவற்றுள் விமானி வேடத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சிடுசிடுப்பையே முத்திரையாகக் கொண்ட நடிகர், ஏக்கத்தை இவ்வளவு அடக்கமாகக் காட்டிய இடம் வேறில்லை. 1990இல் வந்த 'கிரெம்லின்ஸ்' இரண்டாம் பாகத்தில் ஃபட்டர்மேன் தம்பதியர் திரும்பி வருகிறார்கள். மனைவியாக வரும் ஜாக்கி ஜோசஃப்தான் 1960இன் பூக்கடைப் படத்தின் நாயகி. அதே படத்தில் சிறகு முளைத்த கிரெம்லின் ஒன்றை மில்லர் ஈரச் சிமெண்டில் தள்ள, அது பறந்துபோய்க் கட்டடத்தின் முகப்பில் சிலையாக இறுகிவிடுகிறது. உயிரினத்தின்மீது பூச்சுப் பூசிச் சிலையாக்கிய வால்டர் பெய்ஸ்லியை முன்பே பார்த்தவர்கள், இங்கே பக்கத்தில் இருப்பவரைவிடக் கூடுதலாகச் சிரிப்பார்கள். பின்னோக்கிப் போய்விட்டு வரச் சொன்னது இதற்காகவும்தான்.

இதற்கிடையில் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பாத்திரத்தின் தொழில் என்ன, கையில் என்ன பொருள் இருக்கிறது, நமக்குத் தெரிந்த எது அவருக்குத் தெரியாது, அவர் உயிரோடு தப்புகிறாரா என்ற நான்கையும் எழுதினால் போதும்; படத்தின் கதைச்சுருக்கம் தேவையில்லை. சில வரிகளிலேயே ஓர் ஒழுங்கு தெரியவரும். மில்லரின் கையில் எப்போதும் அந்தத் தொழிலுக்குரிய ஏதோ ஒன்று இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பேசுவார்; எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பார்ப்பது ஓரிரு முறைதான்.

தொலைக்காட்சியில் தேடுபவர்கள் 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களில் இரண்டு பகுதிகளைப் பார்க்கலாம். 1988இல் ஒளிபரப்பான 'தி பிக் குட்பை' பகுதியில், கணினி உருவாக்கிய 1941ஆம் ஆண்டின் சான் ஃபிரான்சிஸ்கோவில் செய்தித்தாள் விற்பவராக வருகிறார்; 1995இல் ஒளிபரப்பான 'பாஸ்ட் டென்ஸ்' பகுதியில், 2024ஆம் ஆண்டின் அதே நகரத்தில் வேலையற்றோரை அடைத்துவைத்திருக்கும் பகுதியின் காவலராக வருகிறார். இரண்டாவது வேடம் பெரியது. கடுகடுப்பான காவலர், பணயக் கைதியாகச் சிக்கிய பிறகு, தான் காவல்காக்கும் மனிதர்களைச் சற்று வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கும் மாற்றத்தை ஆர்ப்பாட்டமின்றிச் செய்திருக்கிறார். அதே 1995இல் வந்த 'டீமன் நைட்' திகில் படத்தில் குடிகார மாமா வில்லியாக வந்து பேயாகவே மாறிவிடுகிறார்; மற்றவர்களின் அசுரர்களுக்கு வழிவிட்டே பழகியவர், 66 வயதில் தாமே ஆட்டம் போடும் மகிழ்ச்சி அதில் தெரிகிறது.

தேடிக் கிடைக்காதவற்றையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1994இன் 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்துக்காக அவர் நடித்த பகுதி தொகுப்பில் வெட்டப்பட்டுவிட்டது. பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டாம். சிறு வேட நடிகர்களின் வாழ்க்கையில் இது வழக்கமான இழப்பு. படம் நீண்டுவிட்டால் முதலில் கத்தரி விழுவது அவர்கள்மீதுதான். சில பழைய படங்களில் அவர் நடித்திருந்தும் பெயர் போடப்படவில்லை. 1963இன் 'எக்ஸ்' படத்தில், ஊடுருவும் பார்வை பெற்ற ரே மில்லாண்டைப் பொருட்காட்சியில் நின்று கிண்டல் செய்யும் பார்வையாளர் அப்படிப்பட்ட வேடம்.

எலைஜா டிரென்னர் இயக்கி 2014இல் வெளியான 'தட் கை டிக் மில்லர்' என்ற ஆவணப்படத்தைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே பார்த்தால் நல்ல காட்சிகள் எல்லாம் துண்டுதுண்டாக முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இவரை முடித்தபின் அடுத்த நடிகரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 'தி டெர்மினேட்டர்' படத்தை மறுபடி எடுத்து, காவல் நிலையக் காட்சிகளில் வரும் துப்பறிவாளர் வுகோவிச்சைக் கவனியுங்கள். அவர் லான்ஸ் ஹென்ரிக்சன். அங்கிருந்து 1986இன் 'ஏலியன்ஸ்' படத்தில் அவர் செய்த பிஷப் என்னும் செயற்கை மனிதனுக்கும், 1987இன் 'நியர் டார்க்' படத்தின் இரத்தக்காட்டேரிக் கூட்டத் தலைவனுக்கும் போகலாம். மில்லரிடம் கேட்ட கேள்வியை இவரிடம் திருப்பிப் போட வேண்டியிருக்கும்: பார்த்தவுடனேயே மனிதனா இல்லையா என்ற ஐயத்தை எழுப்பும் முகத்தை வைத்துக்கொண்டு, பிஷப்பை நாம் நம்பும் நொடி படத்தில் எங்கே வருகிறது என்பதைக் குறிப்பேட்டின் புதிய பக்கத்தில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.